டயானா டராசி கடைசி அஞ்சு வருஷம் ஒப்புக்குத்தான் ஆடுனாளா?

26 பிப்ரவரி 2025, காலை (இழையை ஆரம்பிச்சவர் கேட்டது)

அமெரிக்க பாஸ்கெட்பால் வீராங்கனை டயானா டராசி ரிட்டயர் ஆயிட்டாங்களாம், எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதுறாங்க. நான் ஒண்ணு கேக்குறேன், சண்டைக்கு வராதீங்க. 2020லயே நிறுத்தியிருக்க வேண்டியவங்கதானே? ஓட்டம் கிடையாது, டிஃபென்ஸ் கிடையாது, டீமும் தோத்துக்கிட்டே இருந்துச்சு. பாரிஸ் ஒலிம்பிக் ஃபைனல்ல ஒரு நிமிஷம்கூட எறக்கல, அதுக்கும் ஒரு தங்கம். பேருக்காக வச்சிருந்தாங்கன்னு சொன்னா தப்பா?

26 பிப்ரவரி, ராத்திரி

தப்புதான். சண்டைக்கு வராதீங்கன்னு வேற சொல்லிட்டீங்க, அதனால வந்துட்டேன்.

மொதல்ல கணக்கு. நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ்மில்லுல கணக்கு எழுதுறவ, எனக்கு அதுலேர்ந்துதான் ஆரம்பிக்க வரும். டபிள்யூஎன்பிஏவுல (அமெரிக்கப் பொம்பளைங்க பாஸ்கெட்பால் லீக்) அதிக பாயிண்ட் எடுத்தவங்கன்னு டீனா தாம்சன் பேருல 7,488 நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதை டயானா தாண்டுனது 2017 ஜூன்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல வச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் அவளுக்கு 35 முடிஞ்சிருந்துச்சு. ரிட்டயர் ஆகும்போது மொத்தம் 10,646. கழிச்சுப் பாருங்க. 35 வயசுக்கு மேல மட்டும் மூவாயிரத்து நூத்துச் சொச்சம், அதுலயும் 2019ல முதுகு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆறே மேட்ச்தான் ஆடுனா. ஒப்புக்கு ஆடுற ஆளு அடிக்கிற பாயிண்டா இது?

டிஃபென்ஸ்ல நீங்க சொன்னது சரி, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. கடைசி ரெண்டு மூணு சீசன்ல எதிர் டீம் வேணும்னே அவ மேல பந்தை கொண்டாந்து விடுவாங்க, பாக்கவே கடுப்பா இருக்கும்.

27 பிப்ரவரி, விடிகாலை

தூக்கம் வரல, நேத்து எழுதுனதுல ஒண்ணு விட்டுப்போச்சு. 2020லயே நிறுத்தியிருக்கணும்னு சொல்றீங்களே, 2021 சீசனை என்ன பண்றது? செமிஃபைனல், லாஸ் வேகாஸுக்கு எதிரா அவ டீம் ஃபீனிக்ஸ் ஆடுன ரெண்டாவது மேட்ச். கணுக்காலு சரியில்ல, வயசு 39, அடிச்சது 37 பாயிண்ட், அதுல எட்டு த்ரீ பாயிண்டர் (தூரக் கோட்டுக்கு வெளியேர்ந்து போட்டா மூணு பாயிண்ட்). தொடரே அஞ்சாவது மேட்ச்சு வரைக்கும் இழுத்துச்சு, அதையும் வேகாஸ்லயே போயி ஜெயிச்சாங்க. இதுக்கு நடுவுல அவ மனைவி பென்னி டெய்லருக்கு பிரசவ நேரம், மேட்ச் முடிஞ்ச கையோட ராத்திரியோட ராத்திரியா ஃபீனிக்ஸ் திரும்பிப் போயி ரெண்டாவது குழந்தை பொறக்குறதுக்கு கூட நின்னா. பென்னியும் லேசுப்பட்ட ஆளு இல்ல, ஆஸ்திரேலியா டீம், ஃபீனிக்ஸ்ல டயானாகூட சேர்ந்து கப்பு வாங்குனவங்க.

ஃபைனல்ல சிகாகோகிட்ட தோத்தாங்க, அது வேற.

27 பிப்ரவரி, மதியம்

"42 பாயிண்ட் அடிச்ச சீசன்ல டீம் 9 ஜெயிச்சு 31 தோத்துச்சே, அதை ஏன் சொல்லல"ன்னு கும்பகோணத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. சொல்றேன் தம்பி, அதைச் சொல்லாம எங்க போறேன். சாப்பிட்டுட்டு வரேன்.

27 பிப்ரவரி, ராத்திரி

2023. அந்த டீம் உருப்படல, உண்மை. ரஷ்யாவுல மாசக்கணக்கா ஜெயில்ல இருந்துட்டு அவ டீம்மேட் பிரிட்னி கிரைனர் திரும்பி வந்த வருஷம், கோச்சை நடுவுல மாத்துனாங்க, ஒண்ணும் சரியா அமையல. ஆனா அந்த மேட்ச்சைப் பத்திப் பேசியே ஆகணும்.

ஃபீனிக்ஸ்ல ராத்திரி ஏழு மணின்னா நமக்கு மறுநாள் காலை ஏழரை. அதனாலதான் எனக்கு இந்த டீமே புடிச்சுப்போச்சுன்னு நெனைக்கிறேன், கிழக்குப் பக்கத்து டீமுங்க ஆடுனா நாலரைக்கு எந்திரிக்கணும், ஃபீனிக்ஸ் ஹோம் மேட்ச்சுன்னா மில்லுக்குக் கிளம்புற வரைக்கும் பாக்கலாம், தோசை ஊத்திக்கிட்டே பாக்கலாம். அங்க ஆகஸ்ட் 3, அட்லாண்டாவோட மேட்ச். இங்க ஆடிப்பெருக்குக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. மொத நாளு ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்த தட்டு, மஞ்சக்கயிறு எல்லாம் அப்படியே கெடக்கு. அந்த வருஷம் கடைமடைக்கு தண்ணி சரியா வரல, குறுவை கருகுதுன்னு எல்லா வீட்லயும் அதே பேச்சு. எங்க அப்பா டிவி பக்கமே திரும்பல.

மொத்த பாயிண்ட் பத்தாயிரம் ஆக அவளுக்கு இன்னும் 18 வேணும். ரெண்டு மேட்ச்ல வந்துரும்னுதான் நான் நெனச்சேன், ஏன்னா 41 வயசு. அவ என்னமோ கரண்ட் பில் கட்டப் போற மாதிரி சாவகாசமா ஆரம்பிச்சா. மூணாவது குவார்ட்டர்ல ஒரு த்ரீ, அதுதான் பத்தாயிரமாவது. ஆட்டத்தை நிறுத்தி கட்டிப்புடிச்சு எல்லாம் முடிஞ்சு, சரி இனிமே உக்காரப் போறான்னு பாத்தா உக்காரல. 42ல போயிதான் நின்னா. 91-71 ஜெயிச்சாங்க. டபிள்யூஎன்பிஏவுல நாப்பது பாயிண்ட் தாண்டுனவங்கள்ல அவ்ளோ வயசான ஆளு வேற யாரும் கிடையாது.

தம்பிக்கு என் பதில் இதுதான். அந்த 31 தோல்வியில அவ ஆடுன மேட்ச்லயும் அவ ஆட்டம் மாறல. டீம் மோசம்ங்கிறது வேற, ஆளு மோசம்ங்கிறது வேற. நெல்லு பதரானா விதைச்சவன் கையையா வெட்டுவாங்க?

1 மார்ச்

எங்க அம்மாவுக்கு அவ பேரு வாயில நுழையாது, "கொண்டைக்காரி"ன்னுதான் சொல்லும். அந்த இறுக்கிப்போட்ட கொண்டைய வச்சு. "கொண்டைக்காரி இன்னைக்கு வரலையாடி?"ன்னு கேக்கும். கொஞ்சநாள் கழிச்சு, "அவ ஏன்டி அந்த விசில் ஊதுறவன்கிட்ட தெனமும் சண்ட போடுறா?"

அது வேற கதை. டபிள்யூஎன்பிஏ வரலாற்றுலயே அதிக டெக்னிக்கல் ஃபவுல் (ரெஃப்ரிகிட்ட வாய் குடுத்தா வர்ற மாதிரி தண்டனை) வாங்குனது இவதான். இதையும் சாதனையில சேக்கலாமான்னு கேட்டா நான் சேப்பேன்.

2 மார்ச்

பாரிஸ் விஷயம். இதை ரெண்டு நாளா தள்ளிக்கிட்டே வந்தேன்.

நடந்தது இது. ஃபைனல்ல பிரான்ஸ், 67-66, ஒரே ஒரு பாயிண்ட்ல அமெரிக்கா ஜெயிச்சுச்சு. கடைசி விநாடியில பிரான்ஸோட கேபி வில்லியம்ஸ் போட்ட பந்து உள்ள விழுந்துருச்சு, ஆனா காலு கோட்டு மேல பட்டிருந்ததால ரெண்டு பாயிண்ட்தான், த்ரீயா இருந்திருந்தா ஓவர்டைம். அந்த மேட்ச்ல டயானா பெஞ்சுலதான். மொத மேட்ச்சுகள்ல ஸ்டார்ட் பண்ணுனா, அப்புறம் பெஞ்சுக்கு மாத்திட்டாங்க. ஆனாலும் அது அவளுக்கு ஆறாவது தங்கம். 2004 ஏதென்ஸ்லேர்ந்து வரிசையா ஆறு. ஆம்பளையோ பொம்பளையோ பாஸ்கெட்பால்ல வேற யாருகிட்டயும் ஆறு கிடையாது, அவகூட அமெரிக்கா டீம்ல ஆடுன சூ பேர்டுகூட அஞ்சுலதான் நின்னாங்க.

இப்ப உங்க கேள்வி. அந்த பன்னெண்டு பேர்ல ஒரு எடத்தை கேட்லின் கிளார்க்குக்குக் குடுத்திருக்கலாமேன்னு அங்கயே பெரிய ரகளை நடந்துச்சு. நான் அப்ப கண்ணை மூடிக்கிட்டு டயானா பக்கம். இப்ப யோசிச்சா அவ்ளோ திமிரா சொல்ல முடியல. 22 வயசுப் பொண்ணு அந்த வருஷம் ஆடுன ஆட்டத்துக்கு ஒலிம்பிக் போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா எடுத்தது டயானா இல்லையே, தேர்வுக் குழு. கூப்புட்டா போகாம இருப்பாளா? நீங்க போகாம இருப்பீங்களா? நான் தாலுகா மேட்ச்சுக்குக் கூப்புட்டாலே போவேன்.

ஓசித் தங்கம்ங்கிற வார்த்தைய மட்டும் (ஒருத்தர் கீழ எழுதியிருந்தாரு) ஒத்துக்க மாட்டேன். அஞ்சு ஒலிம்பிக்ல ஆடி முடிச்சவ, ஆறாவதுல முகத்தைத் தூக்கி வச்சுக்காம பெஞ்சுல எந்திரிச்சு நின்னு கத்திக்கிட்டு இருந்தா. நட்சத்திரமா இருந்த எத்தனை பேரு அதைச் செய்வாங்க?

5 மார்ச்

மன்னார்குடி அண்ணன் ஒருத்தர் "அவங்களுக்கு என்ன, கோடி கோடியா சம்பளம்"னு போட்டிருக்காரு. அண்ணே, அங்கதான் இருக்கு விஷயம். 2015ல அவ டபிள்யூஎன்பிஏ சீசன் முழுசும் ஆடவே இல்ல. ஏன் தெரியுமா? ரஷ்யாவுல எகாதெரின்பர்க் டீம் அவளுக்கு வருஷத்துக்கு சுமார் 15 லட்சம் டாலர் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. அமெரிக்காவுல ஆடாம ரெஸ்ட் எடு, அந்த சம்பளத்தையும் நாங்களே தர்றோம்னு சொன்னாங்க. அமெரிக்காவுல அப்ப அதிகபட்ச சம்பளமே ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலர் அளவுதான். சொந்த நாட்டு லீகுல ஆடாம இருக்குறதுக்கு வெளிநாட்டுக்காரன் காசு குடுக்குறான், அது சொந்த நாட்டு சம்பளத்தைவிடக் கம்மி இல்ல. கேக்கவே ஒரு மாதிரி இல்ல?

வருஷம் பூரா ரெண்டு நாட்டுலயும் மாறி மாறி ஆடிக்கிட்டே இருந்தவ. அந்த ஒரு கோடையில ஒக்காந்ததாலதான் இன்னும் ஒம்போது வருஷம் ஆட முடிஞ்சுச்சோன்னு எனக்குத் தோணும். கிரைனர் 2022ல மாட்டுனதும் இதே எகாதெரின்பர்க் டீமுக்கு ஆடப் போனப்பதான். சம்பளம் உள்ளூர்லயே ஒழுங்கா இருந்திருந்தா அந்தப் பொண்ணு அங்க போயிருக்கவே வேண்டாம்.

5 மார்ச், ராத்திரி

சம்பளம்னு பேச்சு வந்ததால நம்ம பக்கத்தையும் சொல்லிடுறேன், கொஞ்சம் தள்ளிப் போறேன், பொறுத்துக்கோங்க.

நம்ம அனிதா பால்துரை. சென்னைப் பொண்ணு, 19 வயசுல இந்தியா பாஸ்கெட்பால் கேப்டன், தொடர்ந்து ஒம்போது ஆசிய சாம்பியன்ஷிப் ஆடுனவங்க, 2021ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. எனக்கு அதுல எல்லாம் பெருசு 2017. குழந்தை பெத்துட்டு திரும்பி வந்து, பெங்களூர்ல நடந்த ஆசியக் கோப்பை பி டிவிஷன்ல ஆடுனாங்க. ஃபைனல்ல கஜகஸ்தானை 75-73ன்னு முடிச்சாங்க நம்மாளுங்க. அந்த மேட்ச்சை எத்தனை பேரு பாத்தீங்க? நான் மறுநாள் பேப்பர்ல ரெண்டு பத்தி படிச்சேன், அவ்ளோதான்.

கீது அண்ணா ஜோஸ் ஞாபகம் இருக்கா? கேரளாக்காரங்க, ஆனா அனிதா மாதிரியே அவங்களும் தெற்கு ரயில்வே டீம். 2011ல டபிள்யூஎன்பிஏ டீமுங்க மூணு அவங்களைக் கூப்புட்டு டிரையல் பாத்துச்சு. கிடைக்கல. ஆனா அந்த ஊரு கோர்ட்டுல நம்ம ரயில்வே பொண்ணு ஒருத்தி போயி நின்னுட்டு வந்தா. நம்ம நாட்டுல பொம்பளைப் புள்ள பாஸ்கெட்பால் ஆடி சோறு திங்கணும்னா ரயில்வே வேலைதான் வழி, இல்லன்னா போலீஸு, பேங்க்கு. அங்க மாதிரி லீக் கிடையாது, ரஷ்யாக்காரனும் வர மாட்டான். 25 வயசுல கல்யாணம்னு வந்துச்சுன்னா அதோட ஷூவைப் பரண்ல போட வேண்டியதுதான். என் ஷூ அங்கதான் கெடந்துச்சு.

6 மார்ச்

நேத்து எழுதுனது அழுவாச்சியா போயிடுச்சு. ஷூவை எறக்கியாச்சு, எறக்கி ரொம்ப நாளாச்சு. எலி கடிச்சிருந்துச்சு, வேற வாங்குனேன்.

9 மார்ச், ஞாயிறு

"மெதுவா ஆடுறதுல என்ன அழகு இருக்கு"ன்னு இழையை ஆரம்பிச்சவர் திரும்பியும் கேட்டிருக்காரு. இதுக்கு நீளமாத்தான் பதில் சொல்ல முடியும்.

எங்க ஊரு கோர்ட்டு சிமெண்டு கோர்ட்டு. ஒரு பக்கம் வளையம் நேரா இருக்கும், இன்னொரு பக்கம் தொங்கும். தை மாசி ஆச்சுன்னா தொங்குற பக்கத்துல நெல்லைக் காயப் போட்டுருவாங்க, அறுப்பு முடிஞ்சு அடுத்து உளுந்து. கேட்டா "ரெண்டு நாளுதான் பாப்பா"ம்பாங்க, ரெண்டு வாரம் கெடக்கும். நெல்லை மிதிச்சுட்டு ஓட முடியுமா? அவங்க வயித்துப் பொழப்பு. அதனால வருஷத்துல பாதி நாளு எங்களுக்கு அரைக் கோர்ட்டுதான், ஓட்டமே கிடையாது. சாயங்காலம் ஸ்கூல் புள்ளைங்க ஏழெட்டு பேரு வரும், நானும் போவேன். அதுங்க காலுல ஸ்பிரிங், எனக்கு முட்டியில தைலம்.

அங்கதான் எனக்கு டயானா ஆட்டம் புரிஞ்சுச்சு. டிவியில பாக்குறப்ப த்ரீ பாயிண்டு போடுறான்னு மட்டும்தான் தெரியும். திருப்பித் திருப்பிப் பாத்தா, பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே முட்டி மடங்கியிருக்கும், பாதம் ரெண்டும் வளையத்தைப் பாத்து நின்னுருக்கும். பந்து வந்தப்புறம் அவ செய்ய வேண்டியது கையைத் தூக்குறது மட்டும்தான். மத்தவங்க பந்தைப் புடிச்சு, இறக்கி, முட்டிய மடக்கி, அப்புறம் எழும்புவாங்க, அதுக்குள்ள மறிக்கிற ஆளு வந்துருவா. டயானாவுக்கு வேகம் போனதே தெரியாததுக்கு இதுதான் காரணம், அவ வேகத்தை காலுல வச்சிருக்கல.

இன்னொண்ணு அந்த ஃபேக், போடுற மாதிரி ஏமாத்துறது. பந்தைத் தலைக்கு மேல தூக்குவா, கண்ணு வளையத்துமேல, தோளும் தூக்கும், ஆனா குதிகால் தரையை விட்டு வராது. இந்தக் குதிகால்தான் சூட்சுமம். குதிகால் எழும்புனா நீ மாட்டுன, திரும்ப எறங்கி டிரிபிள் (பந்தைத் தரையில தட்டிக்கிட்டு நகர்றது) பண்றதுக்குள்ள நேரம் போயிரும். மறிக்க வந்தவ பறந்துபோவா, இவ பக்கவாட்டுல ஒரு டிரிபிள், ஒரு ஸ்டெப், அங்கேர்ந்து போடுவா. இல்லன்னா பறந்து வர்றவ மேலயே லேசா சாஞ்சு ஃபவுல் வாங்கிக்கிட்டு ரெஃப்ரிய ஒரு பார்வை பாப்பா. இருவது வருஷமா எல்லாருக்கும் தெரியும் இவ இதைத்தான் செய்வான்னு. தெரிஞ்சும் எழும்பிருவாங்க, ஏன்னா எழும்பாம நின்னா அவ நெஜமாவே போட்டுருவா.

நான் இதை ஒரு ஒம்போதாம் வகுப்புப் பொண்ணுகிட்ட செஞ்சு பாத்தேன். பத்தடிக்கு அந்தப் பக்கம் போயி விழுந்தா, உளுந்து மேல. உளுந்துக்காரம்மா என்னைத்தான் திட்டுச்சு. அடுத்த வாரமே அந்தப் பொண்ணு அதே ஃபேக்கை எனக்குத் திருப்பிப் போட்டா, நானும் எழும்பிட்டேன், தெரிஞ்சே எழும்பிட்டேன்!

அழகுன்னா இதுதான். 21 வயசுக்குள்ள டயானா யூகான் (கனெக்டிகட் யூனிவர்சிட்டி) காலேஜுல மூணு வருஷம் வரிசையா கப்பு அடிச்சப்ப (2002, 2003, 2004) ஓட்டம், துணிச்சல் எல்லாம் இருந்துச்சு, அவ கோச் ஜீனோ ஒரியம்மா, எங்ககிட்ட டயானா இருக்கா, அவங்ககிட்ட இல்லன்னு ஒரே வரியில முடிச்சாரு. அந்த டயானாவைப் பாத்து கை தட்டலாம், நம்மளால ஒண்ணும் கத்துக்க முடியாது. 40 வயசு டயானாகிட்ட என்னை மாதிரி முட்டி தேஞ்சவளுக்கும் எடுத்துக்க ஒண்ணு இருக்கு.

10 மார்ச்

இல்ல, மேல கடைசி பத்தி கொஞ்சம் சுயநலமா இருக்கு. எனக்குப் பயன்பட்டா அவ பெரிய ஆளா? அப்படி இல்ல. 2014 டீமை எடுத்துக்கோங்க, 29 ஜெயிச்சு அஞ்சே அஞ்சு தோத்தாங்க, கப்பும் வாங்குனாங்க. அதுல அவ பந்தைப் போட்டதைவிட குடுத்ததுதான் அழகு. கிரைனர் உள்ள ஓடுறப்ப, கை எங்க நீளுமோ அங்க பந்து போயி நிக்கும். பாஸைப் பத்தி இங்க யாருமே பேசல, நான் உட்பட. எல்லாரும் பாயிண்டை எண்ணிக்கிட்டே உக்காந்திருக்கோம்.

30 மார்ச்

தம்பிங்களா, ஆம்பளைங்க லீக் நட்சத்திரம் கோபி பிரயண்ட்தான் அவளுக்கு ஒயிட் மாம்பான்னு பேரு வச்சாரு, அவளா வச்சுக்கிட்டது இல்ல. இதுக்கு இருவது பதில் சண்டை எதுக்கு. போயி பரீட்சைக்குப் படிங்க.

12 ஜூன்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல, மில்லுல வேலை. நேத்து அவளுக்குப் பொறந்தநாளு, 43. இன்னைக்கு மேட்டூர் தொறந்தாச்சு. வழக்கமா தண்ணி வர்ற நேரம் அவ சீசனும் சூடு புடிச்சிருக்கும், குறுவை அறுப்புக்கும் பிளேஆஃபுக்கும் (லீக் முடிஞ்சு கப்புக்கு நடக்குற மேட்ச்சுங்க) சரியா இருக்கும். இந்த வருஷம் ஃபீனிக்ஸ்ல அவளும் இல்ல, கிரைனரும் அட்லாண்டாவுக்குப் போயாச்சு. அலிசா தாமஸ், சடு சபாலின்னு புது ஆளுங்க. நல்லாத்தான் ஆடுறாங்க, இன்னும் சொல்லப்போனா அந்த 2023 டீமைவிட எவ்வளவோ மேல். இழையை ஆரம்பிச்சவர் இதைப் பாத்துட்டு "பாத்தீங்களா, அவங்க போனதும் டீம் தேறிருச்சு"ன்னு கட்டாயம் வருவாரு. வாங்க. அவ போனதால மட்டும் தேறல, மூணு பெரிய ஆளை ஒண்ணா வச்சு டீமையே திருப்பிக் கட்டுனதால தேறுச்சு. கொஞ்சம் அவ போனதாலயும்தான், போதுமா?

திருவாரூர்லேர்ந்து ஒருத்தங்க பத்து வயசுப் பொண்ணுக்கு எந்த மேட்ச்சைக் காட்டலாம்னு கேட்டிருந்தாங்க. 42 பாயிண்ட் மேட்ச்சைக் காட்டாதீங்க, அது நம்மளை மாதிரி வயசானவங்களுக்கு. 2021 அந்த வேகாஸ் மேட்ச்சைக் காட்டுங்க. காட்டுறப்ப பந்தைப் பாக்காதடி, கொண்டைக்காரி காலைப் பாருன்னு சொல்லுங்க. ஆம்பளைப் பசங்க ஆடுற பந்தை வாங்கிக் குடுத்துராதீங்க, சைஸ் 6 கேட்டு வாங்குங்க, கடைக்காரர் 7தான் இருக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மாம்பாரு, ஒண்ணு இல்ல. அப்புறம் ரெஃப்ரிகிட்ட அவ பேசுற எடம் வந்தா சத்தத்தைக் கொறைச்சுருங்க, எங்க அம்மாவே இப்ப அதுல ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டு இருக்கு.